முட்டையோடு செத்த மீன்கள்: சியாட்டில் ஓடை மீட்பு பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

ஊர் மக்கள் சேர்ந்து ஒரு ஓடையைச் சுத்தம் செய்தார்கள், மரம் நட்டார்கள், மீன் திரும்பி வந்தது. கேட்க நல்ல கதை. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 1990களில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. திரும்பி வந்த மீன்கள் முட்டை போடுவதற்கு முன்பே செத்துப்போயின. ஒரு வருஷம் இல்லை, ஒவ்வொரு வருஷமும். ஏன் என்று கண்டுபிடிக்க சுமார் இருபது ஆண்டுகள் ஆயின.

இந்த இருபது ஆண்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேதியியல் துப்பறியும் கதையாக எழுதுகிறார்கள். அது சுவாரஸ்யமான கதைதான், சுருக்கமாக நானும் சொல்கிறேன். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு கேள்வி. இத்தனை பேர், இத்தனை சனிக்கிழமைகள் உழைத்தும், 'தண்ணீர் நல்லா இருக்கு' என்று அவர்கள் நம்பியதற்கும் மீனுக்கு நடந்ததற்கும் நடுவில் எங்கே ஓட்டை விழுந்தது? நான் பி.இ. படித்தவன், மீன் விஞ்ஞானி அல்ல. ஆனால் 'எல்லா டெஸ்டும் பாஸ், ப்ரொடக்ஷன்ல சர்வர் விழுது' என்கிற நிலைமை எங்கள் தொழிலில் தினசரி சமாச்சாரம். அந்தக் கண்ணோடு படித்ததால் எழுதும் குறிப்பு இது. வழக்கம்போல நீளம்.

என்ன நடந்தது

மேற்கு சியாட்டிலில் டெல்ரிட்ஜ் பகுதி வழியாக ஓடுவது லாங்ஃபெல்லோ ஓடை. ஒரு கோல்ஃப் மைதானத்தை ஒட்டி ஓடி, கடைசிப் பகுதியில் குழாய்க்குள் நுழைந்து டுவாமிஷ் ஆற்றில் கலக்கிறது. 1990களில் சியாட்டிலின் பல ஓடைகளைப் போல இங்கேயும் மீட்பு வேலை நடந்தது. முட்புதரை வெட்டி உள்ளூர் மரம் நடுவது, குப்பை அள்ளுவது, கரையைச் சீராக்குவது, மீன் ஏறிவர வழி செய்வது. ஓடைக்கரைப் பாதையில் சால்மன் எலும்புக்கூட்டின் வடிவத்தில் ஒரு நடைபாலம்கூட கட்டியிருக்கிறார்கள்.

மீன் வந்தது. கோஹோ என்கிற சால்மன் வகை. இலையுதிர்கால மழை ஆரம்பித்ததும் கடலிலிருந்து ஓடைக்கு ஏறி, சரளைக்கல் படுக்கையில் முட்டையிட்டுச் சாகிற மீன். மீட்பு வேலையின் பலனைப் பார்க்கக் கணக்கெடுக்கப் போனவர்கள்தான் முதலில் விநோதத்தைக் கண்டார்கள். மீன்கள் நீர்மட்டத்தில் தாறுமாறாகச் சுற்றின, வாயைப் பிளந்தன, துடுப்புகளை விரித்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தன. சில மணி நேரத்தில் செத்தன. பெண் மீன்களின் வயிற்றில் பொதுவாக 90 சதவீதத்துக்கும் மேல் முட்டை அப்படியே இருந்தது.

2002 முதல் 2009 வரை லாங்ஃபெல்லோவில் தினசரிக் கணக்கெடுப்பு நடந்தது. ஒவ்வொரு பருவத்திலும் வந்த மீன்களில் 60 முதல் 100 சதவீதம் வரை முட்டையிடும் முன்பே சாவு. ஒப்பிடுவதற்காக 2002ல் நகரத்துக்கு வெளியே ஒரு ஓடையில் எடுத்த கணக்கு: ஒரு சதவீதத்துக்கும் கீழே. அமெரிக்க அரசின் கடல்சார் நிறுவனமான 'நோவா'வைச் சேர்ந்த நதானியல் ஷோல்ஸ் குழு 2011ல் இதை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முட்டையிட்ட பிறகு கோஹோ எப்படியும் சாகும், அதுதான் அதன் இயற்கை. ஆகவே நவம்பர் மாதம் ஓடையில் செத்த மீன் கிடந்தால் பார்ப்பவருக்கு அதிர்ச்சியே வராது. 'ஆகா, முட்டை போட்டுட்டு போய்ச் சேர்ந்திருக்கு' என்றுதான் தோன்றும். வயிற்றைக் கத்தியால் கீறிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

டெஸ்ட் எல்லாம் பாஸ்

கரைந்த ஆக்சிஜன், வெப்பநிலை, அம்மோனியா, பூச்சிக்கொல்லி, நோய்க்கிருமி, மீனின் உடல்நிலை என்று வரிசையாகப் பார்த்தார்கள். எதற்கும் சாவோடு தொடர்பு தெரியவில்லை. வழக்கமான தரப் பட்டியலை வைத்துப் பார்த்தால் தண்ணீர் நல்ல தண்ணீர்.

பிறகு வரைபடத்தைப் பார்த்தார்கள். எந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் சாலைகளும் வணிகக் கட்டடங்களும் அதிகமோ, அங்கே சாவும் அதிகம். அடுத்து, நெடுஞ்சாலையிலிருந்து வடிந்த மழைநீரைப் பிடித்து அதில் மீனை விட்டார்கள், செத்தது. அந்த நீரில் இருக்கும் உலோகங்களையும் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்களையும் அதே அளவில் சுத்தமான தண்ணீரில் கலந்து மீனை விட்டார்கள், சாகவில்லை. அதாவது பெயர் தெரிந்த குற்றவாளிகள் யாரும் இல்லை. அதே சாலை நீரை மணலும் மட்கிய உரமும் கலந்த மண்ணில் வடிய விட்டுப் பிடித்தார்கள், மீன் பிழைத்தது. இது 2016ல் வெளியான முடிவு. யோசித்துப் பாருங்கள்: விஷம் எது என்று தெரிவதற்கு நாலு வருஷம் முன்பே மருந்து தெரிந்துவிட்டது. மருந்தின் பெயர் மண்.

2020 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் விடை வந்தது. ஷென்யூ தியன், எட்வர்ட் கொலோட்சியே, ஜெனிஃபர் மெக்கின்டயர் உள்ளிட்டோரின் வேலை. டயர்த் தூளை ஊறவைத்த நீரில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைப் பிரித்துப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் மீனை விட்டுப் பார்த்து, கடைசியில் ஒன்றில் வந்து நின்றார்கள். 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன். டயரில் சேர்க்கும் பொருள்களின் பட்டியலில் இப்படி ஒன்று கிடையாது. ஆனால் 6-பிபிடி என்று ஒன்று உண்டு: 18 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன். இரண்டு ஹைட்ரஜன் போய் இரண்டு ஆக்சிஜன் வந்தால் கணக்கு சரி.

6-பிபிடியின் வேலையே அதுதான். காற்றில் உள்ள ஓசோன் ரப்பரைத் தாக்கி வெடிப்பு விடச் செய்யும். 6-பிபிடி டயரின் மேற்பரப்புக்கு வந்து, ரப்பருக்குப் பதிலாகத் தானே ஓசோனோடு வினைபுரிந்து தியாகம் செய்யும். அப்போது உண்டாகும் பொருள்தான் 6-பிபிடி-குயினோன். டயர் தேயத் தேய அது சாலையில் படியும், மழை பெய்தால் ஓடைக்கு வரும்.

அளவு எவ்வளவு? 2022ல் திருத்திய கணக்குப்படி ஒரு லிட்டரில் சுமார் 95 நானோகிராம் இருந்தால் இளம் கோஹோக்களில் பாதி செத்துவிடும். நானோகிராம் என்றால் நமக்குப் பிடிபடாது. இப்படிக் கணக்குப் போடலாம்: ஒரே ஒரு கிராம், சுமார் 1 கோடி லிட்டர் தண்ணீரை அந்த நிலைக்குக் கொண்டுபோகும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் 870 லாரிகளுக்கு மேல். டயரின் எடையில் 0.4 முதல் 2 சதவீதம் வரை 6-பிபிடி. பத்து கிலோ டயரில் 40 முதல் 200 கிராம். அத்தனையும் குயினோனாக மாறாது, ஓடைக்கும் வராது. இருந்தாலும் விகிதம் புரியும்.

எதை எண்ணுகிறோம்

இனி விமர்சனத்துக்கு வருகிறேன். ஓடை மீட்புக் குழுக்களின் ஆண்டறிக்கைகளில் அநேகமாக மூன்று எண்கள் இருக்கும். நட்ட மரங்கள், அள்ளிய குப்பைப் பைகள், தன்னார்வலர்கள் கொடுத்த மணி நேரங்கள். மூன்றும் போட்ட உழைப்பின் அளவு. தண்ணீரின் அளவு ஒன்றுகூட இல்லை. மென்பொருளில் 'இந்த மாசம் பத்தாயிரம் வரி கோட் எழுதினோம்' என்று சொல்கிற மாதிரிதான். நிதி கொடுப்பவருக்கு அது போதும், போட்டோவும் நன்றாக வரும்.

தண்ணீரைச் சோதிக்கும் குழுக்களும் உண்டு. ஆனால் அவர்கள் கையில் இருக்கும் பெட்டி என்ன? ஆக்சிஜன், அமிலத்தன்மை, கலங்கல், நைட்ரேட். இவை எந்தக் காலத்துப் பிரச்சினைக்கு வந்த கருவிகள் என்று பார்க்க வேண்டும். சாக்கடையும் உரமும் கலந்த ஓடைகளுக்கு இவை சரியான கேள்விகள். டயருக்கு அல்ல. 6-பிபிடி-குயினோனைப் பிடிக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும், அது சனிக்கிழமைப் பையில் வராது.

அதைவிடப் பெரிய ஓட்டை நேரம். சாலை விஷம் வருவது மழை ஆரம்பித்த சில மணி நேரங்களில். மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் வெயில் அடிக்கும் காலை வேளையில் மாதிரி எடுத்தால், வருஷம் முழுக்க எடுத்தாலும் அந்த உச்சம் கண்ணில் படவே படாது. சர்வர் மானிட்டரிங் செய்தவர்களுக்கு இது புரியும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்கிற கருவிக்கு, நடுவில் முப்பது விநாடி விழுந்து எழுந்த சர்வர் எப்போதும் ஆரோக்கியமாகத்தான் தெரியும்.

அடையாள மீனைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே பிரச்சினை. நகரத்தின் வடக்கே பைப்பர்ஸ் ஓடையில் ஒவ்வொரு நவம்பரிலும் சால்மன் வருவதைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், தன்னார்வலர்கள் கரையில் நின்று விளக்குகிறார்கள். அங்கே பெரும்பாலும் வருவது 'சம்' என்கிற இன்னொரு வகை. பொரிப்பகத்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டு வளர்த்த வரிசை. கோஹோவைக் கொல்லும் அதே சாலை நீரில் சம் மீனை விட்டுச் சோதித்தார்கள், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே பைப்பர்ஸ் கரையில் நிற்கும் குழந்தை பார்ப்பது உண்மையான மீன், உண்மையான சந்தோஷம். ஆனால் 'மீன் வந்திருக்கு, ஆகவே தண்ணீர் சரியாயிடுச்சு' என்று யாராவது சொன்னால், அந்த 'ஆகவே' நிற்காது. அதே ஓடைக்கு வந்த கோஹோக்கள் செத்திருக்கின்றன.

கூரையில் டயர் ஓடுவதில்லை

விடை மண் என்று தெரிந்த பிறகு என்ன நடந்தது? மழைத்தோட்டங்கள் பிரபலமாயின. ப்யூஜெட் சவுண்ட் பகுதியில் 12,000 மழைத்தோட்டங்கள் என்று இலக்கு வைத்து ஓர் இயக்கமே நடந்தது. சியாட்டில் நகரமும் கிங் கவுண்டியும் 'ரெயின்வைஸ்' என்ற திட்டத்தில் வீட்டுக்காரர்களுக்கு மானியம் கொடுக்கின்றன.

நல்ல திட்டம்தான். ஆனால் ரெயின்வைஸ் பிடிப்பது வீட்டுக் கூரைத் தண்ணீரை. அதன் நோக்கம், மழை நாளில் சாக்கடையும் மழைநீரும் சேர்ந்து பொங்கி வழிவதைக் குறைப்பது. அந்த நோக்கத்துக்கு அது சரி. கோஹோவுக்கு? கூரையில் டயர் ஓடுவதில்லை. விஷம் இருப்பது தெருவில், அதிலும் பஸ்ஸும் லாரியும் பிரேக் போட்டுத் திரும்பும் பெரிய சாலைகளில். அங்கே தோண்ட வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது, போக்குவரத்துத் துறைக்குத்தான் உண்டு.

'12,000' என்கிற இலக்கிலும் இதே கோளாறு. ஆயிரம் தோட்டங்கள் அமைதியான குடியிருப்புத் தெருக்களில் இருப்பதும், பத்து பள்ளங்கள் நெடுஞ்சாலை வடிகுழாயின் வாயில் இருப்பதும் ஒன்றல்ல. எண்ணிக்கை இலக்கு வைத்தால், எங்கே சுலபமோ அங்கேதான் தோண்டுவார்கள். சரியான இடத்தில் செய்ததற்கும் உதாரணம் உண்டு. ஃப்ரீமாண்ட் பகுதியில் அரோரா பாலத்தின் மேலிருந்து கொட்டும் சாலை நீரைக் கீழே அடுக்கடுக்கான மண் பள்ளங்களில் வடிய விட்டிருக்கிறார்கள். தினமும் பல்லாயிரம் வண்டிகள் ஓடுகிற பாலம். வடிகுழாய் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்து, பிறகு செடி வைத்த வேலை அது.

கெட்ட தண்ணீருக்கு நல்ல வாசல்

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர் சரியாகாத ஓடையில் வாழிடத்தை மட்டும் சரிசெய்வது பொறியாக மாறலாம். நல்ல சரளைக்கல், நல்ல நிழல், தடையில்லாத வழி. மீன் 'இது நல்ல இடம்' என்று ஏறி வரும். வந்து சாகும். அந்த மீனோடு அடுத்த தலைமுறையும் போகும். இந்த வேகத்தில் சாவு தொடர்ந்தால் நகர்ப்புறக் கோஹோ கூட்டங்கள் சில பத்தாண்டுகளில் அற்றுப்போகும் என்று நோவா குழுவே 2011ல் மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டியது.

இது ஒரு ஓடையின் பிரச்சினை மட்டும் இல்லை. சாலைக்கு அடியில் மீன் ஏற முடியாதபடி இருக்கும் குறுகிய குழாய்ப் பாலங்களை மாற்ற வேண்டும் என்ற தீர்ப்பை 2018ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிலைக்க விட்டது. வாஷிங்டன் மாநிலம் அதற்குப் பல நூறு கோடி டாலர் செலவழிக்கிறது. பூர்வகுடிகளின் ஒப்பந்த உரிமையிலிருந்து வந்த வழக்கு அது, நியாயமான தீர்ப்பு. ஆனால் பாலத்தை மாற்றுகிற அதே சாலையின் மழைநீர், மண்ணில் வடியாமல் நேராக அதே ஓடையில் விழுந்தால், கதவைத் திறந்துவிட்டு உள்ளே விஷம் வைத்த கதைதான். இரண்டையும் சேர்த்துச் செய்யாத திட்டத்தை அரை வேலை என்றுதான் சொல்ல வேண்டும்.

கத்தியோடு போனவர்கள்

அப்படியானால் மக்கள் செய்தது வீணா? இல்லை. வாழிடத்தைச் சீர்செய்யாமல் விட்டிருந்தால் கோஹோ லாங்ஃபெல்லோவுக்குள் வந்திருக்காது. வராத மீன் செத்திருக்காது, செத்ததை யாரும் எண்ணியிருக்கவும் மாட்டார்கள். டயரில் இப்படி ஒரு பொருள் இருப்பது இன்றுவரை தெரியாமலே போயிருக்கலாம். மரநிழல், கரைப் பாதுகாப்பு இவற்றுக்கும் அவற்றுக்கான பலன் உண்டு, வெயில் காலத்தில் குளிர்ந்த நீர் வேண்டும் என்பது குயினோனால் பொய்யாகிவிடாது.

ஆனால் மொத்த முயற்சியிலும் தலையாய வேலை என்று நான் நினைப்பது வேறு. மழையில் நனைந்துகொண்டு ஓடைக்குள் இறங்கி, அழுகிய மீனைத் தூக்கி, வயிற்றைக் கீறி, 'முட்டை இருக்கு, போடலை' என்று நோட்டில் எழுதிய வேலை. ப்யூஜெட் சவுண்ட்கீப்பர் என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் இலையுதிர்காலத்தில் லாங்ஃபெல்லோவில் இதைச் செய்து வந்திருக்கிறார்கள். அசிங்கமான வேலை, போட்டோவுக்கு ஆகாது. ஆனால் இந்தச் சின்னப் பட்டியல் இல்லையென்றால் 'இயற்கையாகச் செத்தது' என்ற விளக்கமே நிலைத்திருக்கும். ஆய்வகம் பதில் கண்டுபிடித்தது. கேள்வி ஓடைக்குள் இறங்கிக் கணக்கெடுத்தவர்களிடமிருந்து வந்தது.

மரம் நடும் நாளுக்கு நூறு பேர் வருவார்கள், இதற்கு நாலு பேர் வருவார்கள். நிதியும் அதே விகிதத்தில்தான். என் குறை இங்கேதான். விளைவை அளக்கும் வேலையைக் கடைசி வரிச் செலவாக வைத்துக்கொண்டு, 'நீரின் தரத்தை உயர்த்துகிறோம்' என்று அறிக்கையின் தலைப்பில் போடக்கூடாது.

யார் செய்ய வேண்டியது

கடைசியாக ஒன்று. தன்னார்வலரால் டயரை மாற்ற முடியாது. ஓடைக்கரையில் எத்தனை மணி நேரம் உழைத்தாலும், மேலே ஓடுகிற ஒவ்வொரு வண்டியும் அதே பொருளைத் தேய்த்துக்கொண்டே போகிறது. இந்த இடத்தில் 'நாம ஒவ்வொருத்தரும் நம்ம பங்கைச் செய்யணும்' என்ற பேச்சு உண்மையான பொறுப்பாளியை மறைத்துவிடுகிறது.

பொருளின் மூலத்திலேயே கைவைத்த முன்னுதாரணம் அதே மாநிலத்தில் உண்டு. 2010ல் வாஷிங்டன் மாநிலம் பிரேக் பேடில் செம்பைப் படிப்படியாகக் குறைக்கச் சட்டம் போட்டது. டயர் விஷயத்தில் வேகம் காட்டியவர்களில் பூர்வகுடிகளும் உண்டு. 1974ல் நீதிபதி போல்ட் கொடுத்த தீர்ப்பு, வாஷிங்டனின் ஒப்பந்தப் பூர்வகுடிகளுக்குப் பிடிக்கத்தக்க மீனில் பாதி உரிமை உண்டு என்றது. மீனே இல்லாவிட்டால் பாதி எதில்? 2023ல் யூரோக், போர்ட் கேம்பிள் ஸ்க்ளாலம், புயாலப் ஆகிய மூன்று பூர்வகுடிகள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் 6-பிபிடியைத் தடைசெய்யக் கேட்டு மனு கொடுத்தன. நவம்பரில் முகமை மனுவை ஏற்று விதி உருவாக்கும் வேலையைத் தொடங்குவதாகச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியா, 6-பிபிடி உள்ள டயர் விற்பவர்கள் மாற்றுப் பொருளை ஆராய்ந்தே ஆக வேண்டும் என்ற விதியை அமலுக்குக் கொண்டுவந்தது. 2024ல் முகமை நன்னீருக்கு லிட்டருக்கு 11 நானோகிராம் என்று ஓர் எச்சரிக்கை அளவையும் வெளியிட்டது.

மாற்றுப் பொருள் சுலபம் இல்லை. டயர் வெடித்தால் மனித உயிர் போகும், ஆகவே தொழிற்சாலைகள் நிதானமாகப் போவதில் நியாயம் உண்டு. அதுவரை செய்யக்கூடியது சாலை நீரை மண்ணில் வடிய விடுவது. அது அரசுத் துறையின் வேலை, அதைச் செய்ய வைப்பது குழுக்களின் வேலை.

ஒரு ஓடைக் குழு என்னிடம் யோசனை கேட்டால், பட்டியல் இப்படி இருக்கும். ஓடையில் விழும் ஒவ்வொரு வடிகுழாயையும் வரைபடத்தில் குறியுங்கள், எந்தச் சாலையின் நீர் என்று எழுதுங்கள். மாதாந்திர மாதிரியில் பாதியை நிறுத்திவிட்டு, நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் மழையின் முதல் சில மணி நேரத்தில் எடுத்து, பக்கத்துப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குக் கொடுங்கள். செத்த உயிர்களை எண்ணுங்கள், தேதியும் மழை அளவும் சேர்த்து. ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் அந்த எண்ணைப் போடுங்கள், மரக்கணக்கு இரண்டாம் பக்கத்தில் இருக்கட்டும். அந்த முதல் பக்கத்தை எடுத்துக்கொண்டு சாலைத் துறை அலுவலகத்துக்குப் போங்கள்.

கோஹோ மாதிரி சட்டென்று சாகிற மீன் எல்லா ஓடையிலும் இருக்காது. சியாட்டிலில் அலாரம் அடித்தது, அதை எழுதிவைக்க ஆள் இருந்தார்கள். அலாரம் அடிக்காத ஓடைகளில் தண்ணீர் நல்லா இருக்கு என்று சொல்வதற்கு முன், நம் கையில் இருக்கும் கருவி எதைக் கேட்கும், எதைக் கேட்காது என்று ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது.